நாங்கள் இருக்கும் இடத்திலேயே மகிழ்ச்சியாக இருக்கிறோம்

மாபெரும் ஒன்பது என்ற விளையாட்டுக் கூட்டமைப்பில் அந்த நவம்பரில் பதினைந்து பல்கலைக்கழகங்கள் இருந்தன. பதினாறாவதாக எதைச் சேர்க்கப் போகிறார்கள் என்ற கவலையில் பாதி அமெரிக்கா சோறு தண்ணி இல்லாமல் கிடந்தது. ஒன்பது என்று பெயர் வைத்துக்கொண்டு பதினைந்து பேர் எப்படி என்று விவரம் தெரியாத யாராவது கேட்டால், கூட்டமைப்பின் ஆணையர் ஹாலிஸ் பென்ரோஸ் கோபப்பட மாட்டார். "ஒன்பதுங்கிறது எண்ணிக்கை இல்லைங்க, அது ஒரு பாரம்பரியம்" என்பார். பாரம்பரியத்தில் எத்தனை நாற்காலி வேண்டுமானாலும் போடலாம் என்பதால் கேட்டவர்களும் அதோடு விட்டுவிடுவார்கள்.

மேற்குக் கான்சஸில் இருக்கும் காட்டன்வுட் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெயரை இந்தப் பேச்சில் யாரும் எடுக்கவில்லை. எடுக்க ஒரு காரணமும் இல்லை. அந்த ஊரில் மனிதர்களைவிட மாடுகள் அதிகம். மாடுகள் டிவி பார்ப்பதில்லை. சுற்றுவட்டாரத்தில் எத்தனை வீடுகளில் டிவி ஓடுகிறது என்பதை வைத்துத்தான் ஒரு பல்கலைக்கழகத்தின் கல்வித் தரத்தை மாபெரும் ஒன்பது அளந்துவந்தது. காட்டன்வுட் பாட்டுக்குத் தன் பழைய சமவெளிக் கூட்டமைப்பில், பஸ்ஸில் போய் ஆடிவிட்டு அன்றே வீட்டுக்கு வந்துவிடக்கூடிய தூரத்தில் இருந்த எதிரிகளோடு மோதிக்கொண்டிருந்தது.

மார்வா டீட்மன் அங்கே பெண்கள் கைப்பந்து அணிக்குப் பயிற்சியாளர். ஐம்பது தாண்டியவள். மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடும் பழக்கம் உள்ளவள். விளையாட்டு நிர்வாகத்தில் இந்தக் குறையோடு அவள் இத்தனை வருடம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம், கைப்பந்துப் பயிற்சியாளரிடம் யாரும் எதையும் கேட்காததுதான்.

டென்வருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் டெஸ்ஸா என்ற பதினேழு வயதுப் பெண் இருந்தாள். பந்தை அவள் தூக்கிக் கொடுக்கும் விதத்தைப் பார்த்து மார்வாவுக்கு இரண்டு வருடமாக ஆசை. பள்ளி முடிக்கும் பிள்ளைகள் எந்தக் கல்லூரிக்கு ஆடப்போகிறோம் என்று கையெழுத்துப் போடும் நாள் நெருங்கியது. அதற்கு முந்தின நாள் போய் அந்த வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து பேசிவிட வேண்டும், இல்லாவிட்டால் வேறொரு பயிற்சியாளர் உட்கார்ந்திருப்பார். அந்த வாரம் பார்த்துப் பனிப்புயல் வந்து நெடுஞ்சாலையை அடைத்துவிட்டது. வானம் பளிச்சென்று வெளுத்த பிறகும் சாலையைத் திறக்கவில்லை.

பல்கலைக்கழகத்துக்கு ஆறு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்று உண்டு. தலைவரும் ஃபுட்பால் பயிற்சியாளரும் பணக்கார முன்னாள் மாணவர்களைப் பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டு வருவதற்காக வாங்கியது. அது அன்று வருடாந்தரப் பழுதுபார்ப்புக்காக டென்வருக்குக் காலியாகப் போவதாக இருந்தது. விமானி மார்வாவின் தெருக்காரர். சும்மாதானே போகிறேன், ஏறிக்கொள் என்றார். ஏறிக்கொண்டாள்.

டெஸ்ஸாவின் அம்மா ரொவீனா சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவள். வேலை முடிந்து ஈர பூட்ஸோடு வந்து உட்கார்ந்தாள். பெரிய கல்லூரிகள் இரண்டு அவள் மகளைக் கேட்டிருந்தன. அடுத்த வருடம் எந்தக் கூட்டமைப்பில், எந்த ஊர்களுக்குப் போய் ஆடுவோம் என்று அவர்களாலேயே சொல்ல முடியவில்லை என்பதுதான் அவளுக்கு உறுத்தல். இன்றைக்கு இங்கே என்பார்கள், நாளைக்குப் பசிபிக் கரை என்பார்கள், பிள்ளையை நான் எங்கே போய்ப் பார்ப்பது என்றாள்.

"நீங்களாவது இருக்கிற இடத்துலயே இருப்பீங்களா?"

"இருப்போம்" என்றாள் மார்வா. "எங்க ஜிம்முல உங்க பொண்ணு நாலு வருஷம் ஆடுவா. அதுக்கு நான் பொறுப்பு."

டெஸ்ஸா மறுநாள் காட்டன்வுட்டுக்குக் கையெழுத்துப் போட்டாள். சாலை திறந்ததும் மார்வா பஸ் பிடித்து ஊர் திரும்பினாள். விமானத்தின் முன்விசிறியைக் கழற்றிக் கீழே வைத்திருந்ததால் அது வரவில்லை.

மாபெரும் ஒன்பதின் தலைமையகமும் டென்வரில்தான் இருந்தது. மார்வா அதை நினைத்தும் பார்க்கவில்லை. இதையெல்லாம் நினைத்துப் பார்ப்பதற்கென்றே காட்டன்வுட்டில் ஒரு பல் மருத்துவர் இருந்தார். கென்ட் ஸ்வென்சன் என்று பெயர். நோயாளியின் நாற்காலிக்கு மேலே ஒரு திரை மாட்டி, அதில் நாட்டிலுள்ள பல்கலைக்கழக விமானங்கள் எங்கெங்கே பறக்கின்றன என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார். எந்த விமானம் எந்த ஊரில் இறங்குகிறது என்பதை வைத்து யார் எந்தக் கூட்டமைப்புக்குத் தாவப்போகிறார்கள் என்று கணிப்பது அந்த நாட்டு விளையாட்டு விசிறிகளின் சாஸ்திரம். ஸ்வென்சன் அதில் கரைகண்டவர். காட்டன்வுட் விமானம் டென்வரில் இறங்கியதைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த கருவி நின்றது. சாயங்காலம் விமானம் கிளம்பவில்லை. மறுநாளும் கிளம்பவில்லை. ஒரு ராத்திரி தங்கினால் பேச்சுவார்த்தை, இரண்டு ராத்திரி தங்கினால் ஒப்பந்தம் எழுதுகிறார்கள் என்று விசிறிகளின் இணையக் களத்தில் எழுதிவிட்டு, வாயைத் திறந்தபடி காத்திருந்த பெண்மணியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

விமானத்தில் ஏறியது யார் என்று விசாரித்ததில் மார்வா என்று தெரிந்தது. தலைவரோ ஃபுட்பால் பயிற்சியாளரோ போயிருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். யாருமே சந்தேகப்படாத கைப்பந்துக்காரியை அனுப்பியிருக்கிறார்கள் என்றால் விஷயம் எவ்வளவு முற்றியிருக்க வேண்டும். உள்ளூர் வானொலியில் விளையாட்டுப் பேசும் வெர்ன், நேரலையில் அவளுக்குப் போன் போட்டான்.

இந்த இடத்தில் ஒரு சம்பிரதாயத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு பல்கலைக்கழகம் நூறு வருடமாக இருந்த கூட்டமைப்பை விட்டு ஓடுவதற்கு முந்தின நாள், அதன் தலைவர் ஒரு வாக்கியம் சொல்வார். நாங்கள் இருக்கும் இடத்திலேயே மகிழ்ச்சியாக இருக்கிறோம் என்பது அந்த வாக்கியம். அதைச் சொல்லாமல் ஓடியவர் கிடையாது. சொல்லிவிட்டு ஓடாதவரும் கிடையாது. மதியம் அதைச் சொல்லிவிட்டு மாலையில் புதுச் சீருடையோடு படம் எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. உண்மையிலேயே இருக்கும் இடத்தில் மகிழ்ச்சியாக இருப்பவர்கள் என்ன சொல்வார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவர்களிடம் யாரும் கேட்டதில்லை.

"மார்வா, சுத்தி வளைக்காம கேக்கிறேன்" என்றான் வெர்ன். "காட்டன்வுட் எங்கயாவது போகுதா?"

"எங்கயும் போகலை வெர்ன். நாங்க இருக்கிற இடத்துலயே சந்தோஷமாத்தான் இருக்கோம்."

 வெர்ன் தழுதழுத்த குரலில், நேயர்களே, உங்கள் காதாலேயே கேட்டுவிட்டீர்கள் என்றான். இருட்டுவதற்குள் பிரதான வீதியில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு வலம்வந்தன.

பல்கலைக்கழகத் தலைவர் கார்லண்ட் ப்ரூயிட் அவளை வரச்சொன்னார். அவர் முன்பு டாக்டர் பட்டம் வாங்கிச் சந்தைப்படுத்தல் பேராசிரியராக இருந்தவர். மாபெரும் ஒன்பதில் சேர வேண்டும் என்று மூன்று வருடமாகக் கனவு கண்டுகொண்டிருந்தாலும், எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். கதவைச் சாத்தச் சொன்னார். ஜன்னல் திரையைத் தானே இழுத்துவிட்டார்.

"எதுவரைக்கும் வந்திருக்கு?"

"எது டாக்டர்?"

அவர் புன்னகைத்தார். சொல்லக்கூடாது என்றால் சொல்ல வேண்டாம் என்றார். மார்வா பனிப்புயல், நெடுஞ்சாலை, பழுதுபார்ப்பு, டெஸ்ஸா எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். ப்ரூயிட் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் எழுந்து வந்து அவள் தோளைத் தட்டினார். பனிப்புயல் என்பது நல்ல யோசனை, வக்கீல்களே வந்தாலும் அசைக்க முடியாது என்று பாராட்டினார்.

டென்வரில் ஆணையர் பென்ரோஸ் தன் ஆட்களைக் கூப்பிட்டு, காட்டன்வுட்டோடு பேசியது யார் என்று விசாரித்தார். ஒருவரும் பேசவில்லை. அப்படியென்றால் எதிரிக் கூட்டமைப்பு ஒன்று பேசியிருக்க வேண்டும் என்று அவருக்கு உறைத்தது. எதிரி விரும்புகிற பொருளுக்கு மதிப்பு இருந்தே தீரும். அதுவரை வரைபடத்தில் காட்டன்வுட் எங்கே இருக்கிறதென்று தெரியாத ஆள், அன்று முதல் அதை இழந்துவிடுவோமோ என்ற கலக்கத்தில் நகம் கடித்தார்.

டிசம்பரில் மாபெரும் ஒன்பதின் பார்வையாளர் குழு வந்தது. அது வருவதாக ஒப்புக்கொள்ளக் கூடாது என்பதால் காட்டுக்கோழி வேட்டைக்கு வந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். கோட்டு சூட்டுக்கு மேலே வேட்டைக்காரர் போடும் ஆரஞ்சு நிற அங்கி, விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காமல். அந்தக் கோலத்தில் வளாகத்துக்குள் சுற்றினார்கள். பையன்கள் பார்த்தும் பார்க்காததுபோல் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஊரே வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. ஒரு சிரிப்பில் எல்லாம் கெட்டுப்போகலாம் என்று அத்தனை பேருக்கும் பயம்.

மார்வாவையும் கூடவே நடக்கச் சொல்லியிருந்தார்கள். கல்வியில் இரு தரப்புக்கும் உள்ள ஒற்றுமைதான் முதல் அளவுகோல் என்று பென்ரோஸ் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். பிறகு நின்று ஒரு கட்டடத்தைக் காட்டி, அது என்ன என்றார். நூலகம் என்றார் ப்ரூயிட். நல்ல இடத்தில் இருக்கிறது, ஆட்ட நாட்களில் எத்தனை கார் நிறுத்தலாம் என்று கேட்டார் பென்ரோஸ். இடித்தால் எத்தனை, இடிக்காவிட்டால் எத்தனை என்று ப்ரூயிட் இரண்டுக்கும் பதில் வைத்திருந்தார்.

குழுவோடு வந்த ஆலோசகர் ஒரு படத்தை விரித்துக் காட்டினார். கிழக்கே கான்சஸ் சிட்டி, மேற்கே டென்வர். இரண்டுக்கும் நடுவே காட்டன்வுட். நடுவில் இருப்பதால் இரண்டு நகரத்து டிவிகளும் அதைச் சேர்ந்தவை என்று அவர் கூட்டிக்கொண்டார். காட்டன்வுட்டிலிருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு நாள் பொழுதுக்கு மாடும் கோதுமையும்தான் தெரியும் என்று மார்வா சொன்னாள். "அதனாலதாங்க மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்லை" என்றார் ஆலோசகர்.

கடைசியாகக் கைப்பந்துக் கூடத்துக்குப் போனார்கள். பெண்கள் பயிற்சியில் இருந்தார்கள். ஆலோசகர் சுவரோரமாக அடிமேல் அடி வைத்து அளந்தபடி நடந்தார். பென்ரோஸ் கொஞ்ச நேரம் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, நன்றாக ஆடுகிறார்கள், இதை யாராவது விலைக்கு வாங்குகிறார்களா என்று கேட்டார். ஒளிபரப்பு உரிமையைக் கேட்கிறார் என்று மார்வாவுக்குப் புரிவதற்குள் அவர் வேறு பக்கம் திரும்பிவிட்டார். ஆலோசகர் அளந்து முடித்து ப்ரூயிட்டைப் பார்த்துத் தலையசைத்தார். 

அன்று மாலையே ப்ரூயிட் அவளைக் கூப்பிட்டு விஷயத்தை உடைத்தார். கெட்ட செய்தி சொல்லும் முகம் இல்லை, பரிசு கொடுக்கும் முகம். அடுத்த வாரம் தன் வீட்டில் விருந்து, ஆணையர் வருகிறார், இரு தரப்பும் உரிய வாக்கியங்களைப் பரிமாறிக்கொண்டால் மறுநாள் வாக்கெடுப்பு, இத்தனைக்கும் வழிசெய்த மார்வாவுக்குத் தலைமை மேசையில் இடம் என்றார். பிறகு கைப்பந்துக் கூடம் இருக்கும் இடத்தில் ஒளிபரப்பு நிலையம் வருகிறது என்றார். கைப்பந்து அணி இடைநிறுத்தப்படும். புதன்கிழமை அட்லாண்டிக் கரையில், வெள்ளிக்கிழமை பசிபிக் கரையில் என்று அத்தனை பெண்களை விமானத்தில் ஏற்றி இறக்கக் கட்டுப்படியாகாது.

"பொண்ணுங்களுக்கு இத்தனை விளையாட்டு இருக்கணும்னு சட்டம் இருக்கே டாக்டர்."

அதற்கும் ஆலோசகர் வழி சொல்லியிருந்தார். கைப்பந்துக்குப் பதிலாகப் பெண்கள் துப்பாக்கி சுடும் அணி. அதற்குப் பயணமே கிடையாது. உள்ளூரிலேயே சுட்டுவிட்டு, ஓட்டை விழுந்த அட்டையைத் தபாலில் அனுப்பினால் எதிரணியும் தன் அட்டையை அனுப்பும். சட்டத்துக்கும் திருப்தி, தபால்தலையோடு செலவும் முடிந்தது.

"நான் டெஸ்ஸா வீட்டுல வாக்கு குடுத்திருக்கேன்" என்றாள் மார்வா. "அவங்க அம்மா முன்னாடி."

"வாக்குதானே குடுத்தீங்க? ஒப்பந்தமா போட்டுட்டீங்கன்னு ஒரு நிமிஷம் பயந்துட்டேன்."

மார்வா எழுந்து வந்துவிட்டாள். தன் அணியில் இருந்த பெண்களின் முகங்களை நினைத்தாள். அவர்களுக்காவது வேறு வழி இருந்தது, வேறு கல்லூரிக்கு மாறினால் எடுத்துக்கொள்ள ஆள் உண்டு. டெஸ்ஸா இரண்டு பெரிய இடங்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இவளை நம்பிக் கையெழுத்துப் போட்டவள். இவர்கள் இருக்கும் இடத்திலேயே இருப்பார்கள் என்பதற்காகவே போட்டவள். 

உண்மையைச் சொல்லித் தடுத்துவிடலாம் என்று நினைத்தாள். மறுநாள் காலை வானொலி நிலையத்துக்கே போனாள். காட்டன்வுட் எங்கும் போகக் கூடாது, போகும் அளவுக்கு அதனிடம் சரக்கும் இல்லை என்று வெர்னிடம் ஒலிவாங்கிக்கு முன்னால் சொன்னாள். ஃபுட்பால் ஆட்டங்களுக்குப் பருவச் சீட்டு வாங்க அன்றே வரிசை நின்றது. பல் மருத்துவரிடம் போய், அந்த விமானத்தில் தான் ஒரு பெண்ணைப் பார்க்கப் போனதை ஆதியோடந்தமாகச் சொன்னாள். அவர் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார், அவள் வெளியே போனதும் புதுக் கூட்டமைப்பின் பெயர் போட்ட சட்டைகளுக்கு ஆர்டர் கொடுத்தார். கடைசியில் முன்னாள் மாணவர் சங்கத்துக்குப் போய், கெஞ்சாத குறையாக, நாங்கள் இருக்கும் இடத்திலேயே மகிழ்ச்சியாக இருக்கிறோம் என்றாள். எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு முதியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இவ்வளவு உணர்ச்சியோடு யாரும் மறுத்து நான் கேட்டதில்லை என்றார்.

விருந்துக்கு முந்தின நாள் அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவள் கணவன் ராய்ஸ் சிரித்தான். அவன் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருப்பவன்.

"போகலைன்னு சொல்லச் சொல்ல உன்னைத் தூக்கிக்கிட்டே போறாங்க. நீ வேணா போகணும்னு கெஞ்சிப் பாரேன், இறக்கி விட்டாலும் விடுவாங்க."

அவன் கிண்டலாகத்தான் சொன்னான். மார்வா சிரிக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் வீட்டு விருந்தில் மாட்டு இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்தார்கள். ஒருவரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. பெண் பார்க்க வந்த இடத்தில், கல்யாணத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசிக்கொண்டிருப்பார்களே, அப்படிப் பனியைப் பற்றியும் கோதுமை விலையைப் பற்றியும் பேசினார்கள். வெளியே வேலியோரம் ஊர்ச்சனம் வண்டிகளில் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தது. யார் யார் எந்த வரிசையில் எந்த வாக்கியம் சொல்ல வேண்டும் என்று இரு தரப்பு வக்கீல்களும் முன்பே பேசி முடித்திருந்தார்கள். முதலில் ஆணையர் சொல்ல வேண்டும். அதற்குத் தலைவர் பதில் சொல்ல வேண்டும். நடுவில் சேர்வது, சேர்த்துக்கொள்வது என்ற சொற்கள் வரக் கூடாது. கேட்காமலே கொடுத்தார்கள், அழைக்காமலே வந்தார்கள் என்று இருந்தால்தான் பின்னால் யாரும் யார்மேலும் வழக்குப் போட முடியாது.

 தன் வேலை இன்றோடு போகலாம் என்று மார்வாவுக்குத் தெரியும். போனால் போகட்டும் என்று அவளால் நினைக்கவும் முடியவில்லை, வீட்டுக் கடன் பாக்கி இருந்தது.

பென்ரோஸ் கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். 

"மாபெரும் ஒன்பது இப்போதைக்கு விரிவாக்கம் எதையும் யோசிக்கலை" என்றார்.

எல்லோரும் ப்ரூயிட்டைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இத்தனை வருடம் கண்ணாடிக்கு முன்னால் சொல்லிப் பார்த்த வாக்கியத்துக்காக வாயைத் திறந்தார். அதற்குள் மார்வா எழுந்துவிட்டாள்.

"எங்களைச் சேத்துக்குங்க கமிஷனர்" என்றாள்.

ஒரு முள்கரண்டி தட்டில் விழுந்தது. மார்வா நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தைரியம் வராது.

"எங்களுக்கு ரொம்ப நாளா ஆசை. உங்களைத் தவிர வேற யாரும் எங்களைக் கேக்கலை, ஒருத்தர்கூட. அன்னிக்கு ப்ளேன்ல வந்தது நான் மட்டும்தான், அதுவும் ஒரு பொண்ணைப் பாக்க. நீங்க வேண்டாம்னா எங்களுக்குப் போக்கிடமே இல்லை. கால்ல விழச் சொன்னாலும் விழறோம், எங்களை எடுத்துக்குங்க."

ப்ரூயிட்டின் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு வக்கீல், நம் காதில் எதுவும் விழவில்லை என்று மெல்லிய குரலில் தன் கட்சிக்காரர்களுக்கு நினைவூட்டினார். ஆலோசகர் டென்வரையும் கான்சஸ் சிட்டியையும் மடித்துப் பைக்குள் வைத்தார். பென்ரோஸ்தான் அதிகம் ஆடிப்போனவர். காயம் பட்டதுபோல் மார்வாவைப் பார்த்தார்.

"இந்தத் தொழில்ல இத்தனை வருஷம் இருந்திருக்கேம்மா" என்றார். "ஒருத்தர்கூட எங்கிட்ட நேரா வந்து கேட்டதில்லை. நாங்க யாரை எடுக்கிறோம்? வேற யாரோ எடுத்துடுவாங்கன்னு நாங்க யாரை நினைச்சுப் பயப்படறமோ அவங்களைத்தான் எடுக்கிறோம். உங்களை யாருமே எடுக்கலைன்னா, நான் எதுக்கு எடுக்கணும்? வாங்கினதுக்கு அப்புறம் என்னத்துக்கு வாங்கினேன்னு கேட்டா, என் பதினஞ்சு தலைவர்களுக்கும் நான் என்ன சொல்லுவேன்?"

 தான் என்ன சொன்னோம் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, உருளைக்கிழங்கு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வேலியோரம் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாக விளக்கைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயின.

மறுநாள் மாபெரும் ஒன்பது, காட்டன்வுட்மேல் தனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு என்று அறிக்கை விட்டது. அதோடு காட்டன்வுட் முடிந்தது. பதினாறாவது இடம், யாரோடும் சேர மாட்டோம் என்று கடுமையாக மூன்று முறை மறுத்திருந்த ஒரு கடற்கரைப் பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று.

மார்வாவை யாரும் கூப்பிட்டுத் திட்டவில்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது. விளையாட்டரங்கில் பணக்காரர்கள் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும் கண்ணாடி அறைகள் கட்டுவதற்கு ப்ரூயிட் ஏற்கெனவே கடன் வாங்கித் தோண்ட ஆரம்பித்திருந்தார். பள்ளம் அப்படியே கிடந்தது. அந்தப் பள்ளத்தையும் கடனையும் எதையாவது போட்டு மூடியாக வேண்டும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். இரண்டு வாரம் கழித்து அவர் செய்தியாளர்களை அழைத்தார், மார்வாவைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். அவள் தோளில் கை போட்டுக்கொண்டு பேசினார்.

"நம்ம வாலிபால் டீமைப் பத்தி ஏதேதோ வதந்தி வருது. தெளிவா சொல்லிடறேன். டீம் எங்கயும் போகப்போறதில்லை. மார்வாமேல எனக்கு முழு நம்பிக்கை இருக்கு."

 வெர்ன் ஒலிப்பதிவை அணைத்துவிட்டு வந்து, இழவு வீட்டில் பிடிப்பதுபோல் அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பல் மருத்துவர் ஸ்வென்சன் தொப்பியைக் கழற்றினார். அவளுடைய உதவிப் பயிற்சியாளர் ஏற்கெனவே வெளியே போய் யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தாள், வேலை காலி இருக்கிறதா என்று கேட்பது கதவு வழியே கேட்டது.

மார்வா கூடத்தின் ஓரத்திலிருந்த தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு டெஸ்ஸா வீட்டு எண்ணை அழுத்தினாள். மணி அடித்து முடிவதற்குள் அந்தப் பெண் எடுத்துவிட்டாள்.

"கோச், கேட்டீங்களா? உங்க தலைவரே சொல்லிட்டாரு, டீம் எங்கயும் போகலையாம். நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். எங்க அம்மாதான் அதைக் கேட்டதுலேருந்து மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்க. ஆமா, ஜெர்ஸில பதினொண்ணு யாருக்காவது குடுத்துட்டீங்களா?"

"இல்லை" என்றாள் மார்வா. "அம்மாகிட்டக் குடு கண்ணு."

அந்தப் பக்கம் பூட்ஸ் சத்தம் கேட்டது. கதவு திறந்து மூடியது. காற்றுச் சத்தம் வந்தது. ரொவீனா வாசலுக்கு வெளியே வந்து நின்றுகொண்டுதான் பேசினாள்.

"சொல்லுங்க கோச். எந்த மாசம் மூடறாங்க?"

அந்தக் குளிர்காலம் முழுக்க மார்வா கேட்ட வாக்கியங்களில் ஒன்றும் இதற்கு உதவவில்லை. ஜூனில் கணக்கு முடிக்கும்போது என்று நினைக்கிறேன் என்றாள். டெஸ்ஸாவைக் கையெழுத்திலிருந்து விடுவிக்க இன்றே சொல்லிவிடுகிறேன், அந்த இரண்டு பயிற்சியாளர்களையும் எனக்குத் தெரியும், இன்னும் இடம் இருக்கிறதா என்று நானே கேட்கிறேன் என்றாள். அவர்கள் முன்பு தருவதாகச் சொன்ன உதவித்தொகை இப்போது கிடைக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன் என்றாள்.  எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ரொவீனா, நீங்கள்தான் முதலில் கூப்பிட்டுச் சொன்னீர்கள், மற்றவர்களாக இருந்தால் ஆகஸ்ட்டில் பெட்டியோடு வந்து நின்ற பிறகு சொல்லியிருப்பார்கள் என்றாள். மார்வாவுக்கு அது திட்டியதைவிட வலித்தது.

"அவகிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

"நான்தான் வாக்கு குடுத்தேன். நானே சொல்றேன்."

மறுபடியும் கதவு திறந்தது. காற்றுச் சத்தம் நின்றது. போன் கைமாறியது.

"அப்போ பதினொண்ணு எனக்குத்தானே கோச்?" என்றாள் டெஸ்ஸா.